நிரல்மொழிகளின் 'பாப்புலாரிட்டி': எந்தச் சொல்?

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான முகிற்கணிமைப் (cloud computing) பாடம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. செயலிகளை இணையத்தில் ஏற்றி ஓட்டும் ஹெரோக்கு (Heroku) மேடையில் எந்த நிரல்மொழி எவ்வளவு ஓடுகிறது என்று ஒப்பிடும் அட்டவணை ஒன்று அதில் உண்டு. தலைப்பில் 'புகழ்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வேறு சொல் தாருங்கள்.
– செ.

தம்பி, 'புகழ்' வேண்டவே வேண்டாம். 'தோன்றின் புகழொடு தோன்றுக' என்பதில் இருப்பது மதிப்பு, எண்ணிக்கை இல்லை. ரஸ்ட் மொழியைப் பாருங்கள். நிரலர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கருத்தாய்வில் 2016 தொட்டு ஆண்டுதோறும் நிரலர் மனம் அதன் பக்கம்தான். எழுதுவோர் கணக்கிலோ ஜாவாஸ்கிரிப்டுக்கு வெகு கீழே.

என் சொல் 'பயில்வு'. 'பாடலுள் பயின்றவை நாடுங் காலை' என்கிறார் தொல்காப்பியர். அங்கே பயிலுதல் அடிக்கடி வருதல். புறநானூற்றின் 'பயில்பூஞ் சோலை' பூ நெருங்கிய சோலை. நெருக்கம், மிகுதி, பழக்கம் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. கற்றல் பின்னால் வந்த கிளை என்றே நினைக்கிறேன்.
– ந.

ஐயா, 'பைத்தான் பயில்வு' என்று எழுதினால் என் வகுப்பில் பைத்தான் படிப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'புழக்கம்' போதும். நாணயம் புழக்கத்தில் இருக்கிறது என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆட்கள் புழங்கும் இடம்தானே புழக்கடையும்?
– வ.

புழக்கடையை இழுக்காதீர்கள். அது 'புழைக்கடை', புழை என்றால் சிறு வாயில். புழங்குதலோடு அதற்கு உறவில்லை.
– ந.

'பரவல்' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், புள்ளியியலில் நிகழ்தகவுப் பரவல் இருக்கிறது. நானும் 'புழக்கம்' பக்கம். ஆனால் எதன் புழக்கம்? ஜெம்ஃபைல் (Gemfile) இருந்தால் ரூபி, பேக்கேஜ் ஜேசான் (package.json) இருந்தால் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node.js) என்று கோப்பைப் பார்த்தே ஹெரோக்கு மொழியை இனங்காணும். ரூபியின் ரெயில்ஸ் (Rails) சட்டகத்தில் எழுதிய செயலிகள் பலவற்றில் இரண்டுமே கிடக்கும். அதை எந்த மொழிக் கணக்கில் எழுதுவது? தவிர, 2007-ல் ஹெரோக்கு ரூபிக்காகவே பிறந்தது. மற்ற மொழிகளுக்குக் கதவு திறந்தது 2011-ல். 2008-ல் வந்த கூகுள் ஆப் எஞ்சினில் முதலில் பைத்தான் மட்டும். எந்த மேடையில் எண்ணினாலும் முதலில் குடியேறிய மொழிக்குக் கூடுதல் இடம் இருக்கும். தலைப்பில் மேடையின் பெயர் கட்டாயம் வேண்டும்.
– இரா.

நன்றி. 'ஹெரோக்கு மேடையில் நிரல்மொழிகளின் புழக்கம்' என்று அனுப்புகிறேன். எண்ணியவை செயலிகள் என்றும், இரண்டு கோப்பும் இருந்தால் எப்படி எண்ணினோம் என்றும் அடிக்குறிப்பு போடுகிறேன்.
– செ.

அச்சுக்குப் போகட்டும். சொல்லடைவில் 'பயில்வு' இடம்பெற வேண்டும் என்பதில் மாற்றமில்லை. பயில் என்றால் கற்றல் மட்டும் என்று மாணவர் நினைப்பது நாம் கற்றுக்கொடுத்த குறை. அதற்காகச் சொல்லைக் கைவிட மாட்டேன். இன்னொன்று: 'முகிற்கணிமை' எப்போது முடிவானது? போன விவாதத்தில் 'மேகக் கணிமை'க்கு அல்லவா ஆதரவு கூடுதல்?
– ந.