மைஸ்டெப் சம்பளம்: சான்றிதழுக்கா, வேலைக்கா?

பால்மரக்காடு: 2021இல் மலேசிய அரசின் குறுகிய கால வேலைத் திட்டமான மைஸ்டெப் தொடங்கியபோது, சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே அலுவலகத்தில் சேர்ந்தார்கள். இருவருக்கும் ஒரே வேலை, பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றுவது. பட்டதாரிப் பையனுக்கு மாதம் 2,000 வெள்ளி (ரிங்கிட்). பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பெண்ணுக்கு 1,400. திட்டத்தின் விதியே அதுதான். கேட்டால் 'தகுதி' என்கிறார்கள். அந்தப் பெண்தான் வேகமாக முடிப்பாளாம்!

கிராணி மகன்: அண்ணே, அரசாங்க வேலை எல்லாமே கிரேடு பார்த்துத்தான். இதற்கு மட்டும் தனிக் கணக்கா? கோவிட் காலத்தில் 50,000 பேருக்கு இடம் என்று அறிவித்தார்கள். 35,000 அரசுத் துறையில், மீதி அரசு சார்ந்த நிறுவனங்களில். ஆளுக்குக் கூடக் கொடுத்தால் ஆள் குறையும். தற்காலிக வேலைக்கு 1,400 மோசமில்லை. அன்றைய குறைந்தபட்சச் சம்பளமே நகரங்களில் 1,200, மற்ற இடங்களில் 1,100தான்.

செம்பனை வீடு: தம்பி, தற்காலிகம் என்றால் கூடத்தானே தர வேண்டும்? ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியவள் அவள். தோட்டத்தில் எடைக்குக் கூலி வாங்கிய குடும்பம் எங்களுடையது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, காசும் இல்லை. 2013இல் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி என்று சட்டம் வந்த பிறகுதான் இதற்குக் கீழே போகாதே என்று கேட்க முடிந்தது. அதிலும் சில முதலாளிகள் படிகளைச் சம்பளத்துக்குள் கரைத்து 900 என்று காட்டினார்கள், அது வேறு கதை.

கிராணி மகன்: அக்கா, அளந்து கொடுப்பது எல்லா இடத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நாளுக்கு 336 ரூபாய் அறிவித்தார்கள். வெட்டிய மண்ணின் அளவு குறைந்தால் கைக்கு வருவதும் குறையும்.

பால்மரக்காடு: பாதியை விட்டுவிட்டீர்கள். அந்தக் கூலியை விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டை வைத்து ஒன்றிய அரசு வருடாவருடம் திருத்தி வந்தது. மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியோடு அதற்குச் சம்பந்தமில்லை என்ற குறை அங்கே உண்டு, சரி. இங்கே? குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை என்கிறது சட்டம். 1,500 வந்தது 2022 மே மாதம், 1,700 வந்தது 2025 பிப்ரவரி. நடுவில் கடைக்காரர் நமக்காக விலையை நிறுத்தி வைத்தாரா?

லோரிக்காரன்: 1,700 என்றால், வாரம் ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 65.38 வெள்ளி. நீங்கள் பேசுங்கள், நான் செம்பனைக் குலை ஏற்றப் போகிறேன்.

செம்பனை வீடு: நான் கேட்பது ஒன்றுதான். எஸ்பிஎம் போதும் என்ற வேலைக்கு யார் வந்தாலும் ஒரே சம்பளம். பட்டதாரியும் அதே சம்பளத்துக்கு வரட்டும்.

கிராணி மகன்: அப்படிச் செய்தால் பட்டதாரி சிங்கப்பூருக்கு பஸ் ஏறிவிடுவான்.

செம்பனை வீடு: ஏறட்டுமே தம்பி. அந்த இடம் இங்கே இருக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும்.