ஒரே ரயில், ஒரே வீடு, ஒரே அறை: சமீபத்தில் பார்த்த சண்டைப் படங்களும் பேய்ப் படங்களும்

கடைசி_வரிசை:

நண்பர்களே, ‘கில்’ (இந்தி), ‘பிரமயுகம்’ (மலையாளம்) ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ரெண்டுமே 2024இல் வந்தவை, தியேட்டரில் விட்டுவிட்டு இப்போதுதான் ஓடிடியில் பிடித்தேன். ஒன்று வெட்டுக்குத்து, இன்னொன்று மாந்திரீகம். ஆனால் பார்த்து முடித்ததும் மனதில் நின்றது ஒரே விஷயம்தான். ரெண்டு படத்திலும் ஆட்கள் வெளியே போக முடியாது.

‘கில்’ ராஞ்சியிலிருந்து டெல்லி போகும் ராஜதானி எக்ஸ்பிரஸுக்குள் நடக்கிறது. ரயில் பெட்டி நடைபாதையின் அகலம் நம் எல்லோருக்கும் தெரியும், எதிரே ஒருத்தர் பெட்டியோடு வந்தால் நாம் சீட் பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மொத்தச் சண்டையும் அந்த அகலத்துக்குள். கையை ஓங்கி அடிக்க இடமில்லை, அதனால் முழங்கை, தலை, கத்தியைக் குட்டையாகப் பிடித்து அடுத்தடுத்து குத்து. அடி வாங்கினவன் பறந்து போய் விழவும் இடமில்லை, பின்னால் நிற்கிறவன் மேல்தான் சரிவான். கொரியாவின் ஓ சே-யங்கும் பர்வேஸ் ஷேக்கும் சேர்ந்து சண்டையை அமைத்திருக்கிறார்கள். யார் எந்தப் பெட்டியில் இருக்கிறார், எந்தக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம்கூட எனக்குக் குழப்பம் வரவில்லை.

நான் நினைப்பது இதுதான். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்தால்தான் அடியும் வலிக்கும், பயமும் வரும். அது தெரியாத படத்தில் எவ்வளவு செலவு செய்தாலும் வெறும் சத்தம்தான் மிஞ்சுகிறது.

நீங்கள் சமீபத்தில் பார்த்ததில் இப்படி ஒரே இடத்துக்குள் அடங்கிய படம் எது? சண்டையோ பேயோ, எதுவானாலும் சரி. பிடித்ததா இல்லையா என்பதோடு ஏன் என்றும் எழுதுங்கள்.

மெட்ராஸ்_மேட்னி:

இந்தக் கேள்விக்கு ‘தி ரெய்டு’ (2011) பெயரைச் சொல்லாமல் பதில் எழுதவே முடியாது. பழைய படம்தான், ஆனால் போன மாதம் திரும்பப் பார்த்தேன், அதனால் சமீபத்திய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜகார்த்தாவில் ஒரு பாழடைந்த அடுக்குமாடிக் கட்டடம், மேல் மாடியில் போதைப்பொருள் தாதா, கீழேயிருந்து உள்ளே நுழைகிற போலீஸ் படை. கதை இவ்வளவுதான். மாடி ஏறுவதுதான் திரைக்கதை.

எல்லோரும் அதன் சண்டையைப் பேசுவார்கள், நான் சொல்ல வருவது சண்டையே இல்லாத ஒரு காட்சி. நாயகன் ராமா காயம்பட்ட சக போலீஸோடு ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் ஒளிந்திருக்கிறான். தேடி வருகிற ரவுடி சந்தேகத்தில் அந்தச் சுவரில் வெட்டுக்கத்தியைச் சொருகிச் சொருகிப் பார்க்கிறான். கத்தி உள்ளே வந்து ராமாவின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. அசைந்தால் செத்தான், கத்தினால் செத்தான். அதோடு கத்தியில் ரத்தம் ஒட்டிக்கொண்டு வெளியே போனாலும் மாட்டிக்கொள்வான் இல்லையா? அவன் உருவ உருவ, இவன் உள்ளேயிருந்து துணியால் அந்த ரத்தத்தைத் துடைத்து அனுப்புகிறான். இதைச் சண்டைப் படக் காட்சி என்பீர்களா, பேய்ப் படக் காட்சி என்பீர்களா? பேயை எடுத்துவிட்டு ஆளை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இயக்குநர் கேரத் எவன்ஸ் வேல்ஸ்காரர். ‘பென்சாக் சிலாட்’ என்கிற இந்தோனேசியச் சண்டைக் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்க அங்கே போன இடத்தில்தான் ராமாவாக நடித்த இக்கோ உவைஸைப் பார்த்தார். படத்தின் எடிட்டிங்கும் எவன்ஸ்தான். எடுத்தவரே வெட்டியதால்தான் அந்தத் தெளிவு வந்தது என்பது என் எண்ணம். அடி விழுகிற நொடியில் கட் இல்லை, விழுந்த பிறகுதான் கட். ‘மேட் டாக்’ ஆக வருகிற யயான் ருஹியான் குள்ளமான, ஒல்லியான மனுஷன். துப்பாக்கியைக் காட்டி போலீஸ் அதிகாரியை ஓர் அறைக்குள் கூட்டிப் போய், கதவைச் சாத்திவிட்டு, துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே சண்டைக்கு நிற்பார். அந்தக் கதவு சாத்துகிற இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நிழல்_ரசிகை:

சண்டைப் படத்துக்கு நீங்கள் ரெண்டு பேரும் சொல்வது சரி. பேய்ப் படத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

‘பிரமயுகம்’ நடக்கும் அந்தப் பழைய மனையின் வரைபடத்தை உங்களால் போட முடியுமா? முடியாது. ஒரு முற்றம், ஒரு சமையல்கட்டு, நீளமான இருட்டுத் தாழ்வாரம், மேலே என்னவோ இருக்கிறது, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கடைசி வரைக்கும் தெரியாது. அதில் மாட்டிக்கொள்ளும் பாணன் (பாடகன்) தேவன் உள்ளே வந்தபோது எந்த வழியாக வந்தான் என்பதே நமக்கு மறந்துபோகிறது. ராகுல் சதாசிவன் வேண்டுமென்றேதான் அப்படி எடுத்திருக்கிறார். பொழுது எத்தனை கழிந்தது என்றும் தெரியவில்லை, மழை விடாமல் பெய்கிறது, கறுப்பு வெள்ளை என்பதால் விடிந்ததா சாய்ந்ததா என்று நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கறுப்பு வெள்ளையை முதலில் வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்து உட்கார்ந்தேன், அரைமணி நேரத்தில் அது கதையின் வேலையைச் செய்கிறது என்று புரிந்தது.

மனைக்குச் சொந்தக்காரர், மம்மூட்டியின் கொடுமண் போற்றி எழுந்து துரத்துவதே அபூர்வம். உட்கார்ந்தே இருக்கிறார். சாப்பிடுகிறார், பாட்டு கேட்கிறார், தாயம் உருட்டலாமா என்று கேட்கிறார். பணயம் வைக்க ஒன்றுமில்லாதவனிடம் அவன் காலத்தையே பணயமாகக் கேட்கிறார். தேவன் முகத்தில் ‘இதில் என்ன போய்விடும்’ என்கிற அலட்சியம் முதலில் இருக்கும், கட்டை விழுந்ததும் அது கலைகிற விதம் இருக்கிறதே, அர்ஜுன் அசோகன் அங்கே மம்மூட்டிக்குச் சமமாக நிற்கிறார். அந்தப் பயத்துக்கும் கதவு எந்தப் பக்கம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

‘ஈரம்’ (2009) ஞாபகம் இருக்கிறதா? அறிவழகன் படம். சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு, பேய்க்கு உருவம் தேவையில்லை, தண்ணீர் வந்தாலே போதும். மனோஜ் பரமஹம்ஸாவின் கேமரா ஈரத்தை அப்படிக் காட்டியிருந்தது. தண்ணீர் எந்தச் சுவர் வழியாகவும் கசியும், கதவு என்ன செய்யும்?

கடைசி_வரிசை:

@நிழல்_ரசிகை, தாயக் காட்சி பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க மாட்டேன். ஆனால் மனையின் வாசல் எங்கே என்று தேவனுக்குத் தெரியாததை நமக்கு முதலிலேயே புரிய வைத்துவிடுகிறார்களே, அதுவும் இடத்தைப் பற்றிய தெளிவுதான் இல்லையா? தொலைந்துவிட்டோம் என்பது தெளிவாகத் தெரிகிறது. மோசமான பேய்ப் படங்களில் நாம் தொலைந்தோமா இல்லையா என்பதே தெரியாது, இருட்டில் கேமரா ஆடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ‘டமார்’ என்று ஒரு சத்தம்.

டிடிஎஸ்_காதலன்:

அந்த ‘டமார்’ பற்றிச் சொல்லத்தான் உள்ளே வந்தேன். திடுக்கிட வைப்பது பயமுறுத்துவது ஆகாது. காதுக்குப் பக்கத்தில் பலூனை வெடித்தால் யாரானாலும் திடுக்கிடுவார்கள். நம்முடைய பேய்ப் படங்கள் பலவற்றில் இதை மட்டுமே நம்பி இருக்கிறார்கள், அமைதியை நம்புவதே இல்லை. ‘பிரமயுகம்’ படத்தை டிவி ஸ்பீக்கரில் பார்த்தவர்கள் தயவுசெய்து ஒரு நல்ல ஹெட்ஃபோனில் இன்னொரு முறை பாருங்கள். கிறிஸ்டோ சேவியரின் இசைக்கும் மழைச் சத்தத்துக்கும் நடுவில் வீடு என்னென்ன சத்தம் போடுகிறது என்று அப்போதுதான் கேட்கும்.

சமீபத்தில் நான் மறுபடி பார்த்தது ‘கைதி’ (2019). பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது, ஒரே ராத்திரி. நாயகன் டில்லி (கார்த்தி) ஓட்டும் லாரியைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம், எனக்கு அதைவிடத் திருச்சி கமிஷனர் ஆபீஸுக்குள் நடப்பதுதான் படம். அன்றைக்குத்தான் மாற்றலில் வந்த கான்ஸ்டபிள் நெப்போலியன், கூட நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், வெளியே கூட்டம் கூட்டமாக ரவுடிகள். ஜார்ஜ் மரியானை அதுவரை சிரிப்புக்குத்தான் பார்த்திருந்தோம். அந்த மனுஷன் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்போது நாமும் எழுந்து போய்த் தோள் கொடுக்கலாமா என்று இருக்கும். ஒவ்வொரு கதவாகப் போகிறது, ஒவ்வொன்று போகும்போதும் இன்னும் எத்தனை மிச்சம் என்று நமக்குத் தெரிகிறது. @கடைசி_வரிசை சொன்ன கணக்குக்கு இதைவிட நல்ல தமிழ் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சண்டை அமைத்தது அன்பறிவ்.

இன்னொன்று, கோபமாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்த் தியேட்டர் ஒன்றில் பேய்ப் படம் போட்டால் ஒலியைக் கூட்டிவிடுகிறார்கள். அமைதியாக இருக்க வேண்டிய இடத்திலும் ஸ்பீக்கர் இரைகிறது. படம் எடுத்தவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த அமைதி அங்கேயே காலி.

புளியமர_நிழல்:

எல்லோரும் அமைதி அமைதி என்கிறீர்கள், நான் ‘காஞ்சனா’ (2011) பக்கம் நிற்கிறேன். வீட்டில் பிள்ளைகளோடு போன வாரம் பார்த்தோம். பயந்து கத்துவது, உடனே சிரிப்பது, மறுபடி கத்துவது, அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. அதோடு அந்தப் படத்தில் பேயின் கதை வருகிற பகுதியில் சரத்குமார் திருநங்கையாக நடித்ததை நினைத்துப் பாருங்கள். பெரிய நடிகர் அந்த வேடத்தைக் கேலி தொனியே இல்லாமல் செய்தார். பேய் பழிவாங்கும்போது தியேட்டரே அதன் பக்கம் நின்றது. பிறகு வந்த பாகங்கள் எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு கதை.

நிழல்_ரசிகை:

@புளியமர_நிழல், சரத்குமார் விஷயத்தில் உங்கள் கட்சிதான். ஆனால் காமெடியும் பேயும் கலந்தால்தான் ஓடும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் அதே வழியில் போனதில் நமக்கு நஷ்டம் அதிகம். அந்த நேரத்தில் ‘டிமான்ட்டி காலனி’ (2015) வந்தது பெரிய ஆறுதல். அஜய் ஞானமுத்துவின் முதல் படம். ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே இருக்கிற இடத்தின் பெயர். நாலு நண்பர்கள், ஒரு அறை, ஒரு டிவி. டிவியில் ஓடும் படத்தில் தாங்களே இருக்கிறோம், தாங்களே சாகிறோம் என்று அவர்கள் பார்க்கும் இடத்தில் எந்தச் சத்தமும் தேவைப்படவில்லை. 2024இல் வந்த ரெண்டாம் பாகத்தில் விரித்துக்கொண்டே போனார்கள், கதை பெரிதானது, எனக்குப் பயம் குறைந்தது. அறையை விட்டு வெளியே வந்ததுதான் காரணம். (சரி @கடைசி_வரிசை, இந்த ஒரு படத்துக்கு உங்கள் வாதத்தை ஏற்கிறேன்.)

மெட்ராஸ்_மேட்னி:

ரயில் என்றதும் ‘ட்ரெய்ன் டு பூசான்’ (2016) யாரும் எடுக்கவில்லையே! அதில் எனக்குப் பிடித்தது, அந்த ஜாம்பிகளுக்கு யான் சாங்-ஹோ ஒரு விதி வைத்ததுதான். இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது. அதனால் சுரங்கப்பாதை எப்போது வரும், எப்போது முடியும் என்பதே சண்டையின் தாளம் ஆகிவிடுகிறது. மா டாங்-சோக் கையில் டேப்பைச் சுற்றிக்கொண்டு பெட்டி பெட்டியாக முன்னேறுவார், வெளிச்சம் வந்ததும் நிற்க வேண்டும், இருட்டு வந்ததும் நகர வேண்டும்.

‘கில்’ அதைத் தலைகீழாக்கியது என்பேன். 40 நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் படத்தின் தலைப்பே திரையில் வருகிறது, கவனித்தீர்களா? அதற்கு முன்னால் நாயகன் அம்ரித் ஆட்களை அடிக்கிறான், பின்னால் கொல்கிறான். ரயிலில் அவன் மோதுகிற கொள்ளைக்கூட்டம் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி, சித்தப்பா, மாமா. ஒருத்தன் செத்தால் மற்றவன் உட்கார்ந்து அழுகிறான். பெட்டிக்குள் தங்கள் ஆட்களின் உடல்கள் தொங்குவதைப் பார்த்து அவர்கள் அலறும் இடத்தில் நாயகன்தான் பேய், வில்லன்கள்தான் மாட்டிக்கொண்ட குடும்பம். ‘கில்லி’ அப்பா ஆஷிஷ் வித்யார்த்திதான் அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர். எனக்கு அவர்கள் மேல் பரிதாபம் வந்தது, அதை இயக்குநர் நிகில் நாகேஷ் பட் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

கடைசி_வரிசை:

@மெட்ராஸ்_மேட்னி, தலைப்பு வருகிற இடம் பற்றிச் சொன்னது அருமை. எனக்கு அந்த அழுகைதான் தூக்கத்தைக் கெடுத்தது, ரத்தம் இல்லை.

இந்தோனேசியா என்றதும் ஒரு கேள்வி: ஜோகோ அன்வரின் ‘சாத்தானின் அடிமைகள்’ ரெண்டாம் பாகமும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் நடக்கிறது என்றார்கள். முதல் பாகம் பார்க்காமல் நேரே அதைப் பார்க்கலாமா?

டிடிஎஸ்_காதலன்:

வேண்டாம், வரிசையாகவே பாருங்கள். முதல் பாகம் 2017, அதுவே அதே பெயரில் 1980இல் வந்த படத்தின் மறு ஆக்கம். அதில் ஒரு வீடு, ஒரு குடும்பம், படுத்த படுக்கையாக இருக்கிற அம்மா, ஆள் கூப்பிட அவர் அடிக்கிற ஒரு கைமணி. குடும்பத்தில் யார் யார், எதற்குப் பயந்து ஊர் மாறினார்கள் என்று தெரியாமல் ரெண்டாவதுக்குள் போனால் பாதி வீணாகிவிடும்.

2022இல் வந்த ரெண்டாவது, வடக்கு ஜகார்த்தாவில் 1984இல் நடக்கிறது. ஆட்கள் நிறைய ஏறிய லிஃப்ட் அறுந்து விழுகிறது, பலர் சாகிறார்கள். புயல், வெள்ளம், அடக்கம் செய்ய வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் ஒவ்வொரு சவத்தையும் அவரவர் வீட்டிலேயே கிடத்தியிருக்கிறார்கள், மிச்ச ஆட்களும் அதே கட்டடத்தில் அந்த ராத்திரியைக் கழிக்க வேண்டும், கரண்டும் போகிறது. உங்கள் கேள்விக்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். கதை முடிச்சுகள் சிலது எனக்குப் பிடிபடவில்லை, மூன்றாம் பாகத்துக்கு இடம் வைத்து முடித்ததும் பிடிக்கவில்லை, ஆனால் அந்த லிஃப்ட் காட்சிக்காகவும் அதற்குப் பிறகு வருகிற ஒரு மணி நேரத்துக்காகவும் பார்க்கலாம். அசல் மொழியிலேயே பாருங்கள், ராத்திரியில், ஹெட்ஃபோனோடு. பார்த்துவிட்டு அந்தக் கட்டடத்தின் வழி உங்களுக்குப் புரிந்ததா என்று இங்கேயே எழுதுங்கள், நிழல்_ரசிகையும் காத்திருப்பார்.