ஒளி குறைந்தது, கட்டி குறையவில்லை: சுண்டெலிக் கல்லீரலில் ஒளிரும் செல்களைப் பின்தொடர்ந்தவர்களின் அனுபவங்கள்

முனைவர் பட்ட மாணவி, கல்லீரல் புற்றுநோய் ஆய்வு

ஐந்து வாரங்கள் நான் நம்பிய ஒரு படம் என்னை எப்படித் தவறான முடிவுக்குக் கொண்டு சென்றது என்பதை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்தால் எனக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

மின்மினிப் பூச்சியை ஒளிரச் செய்யும் லூசிஃபெரேஸ் என்ற நொதியின் மரபணுவை, செல்லுக்குள் மரபணுவைக் கொண்டு சேர்க்கும் லென்டிவைரஸ் வழியாக ஏற்றிய ஹெப்ஜி2 என்னும் மனிதக் கல்லீரல் கட்டிச் செல்களை, நோயெதிர்ப்புத் திறன் குறைந்த நியூட் வகைச் சுண்டெலிகளின் கல்லீரல் இடது மடலில் செலுத்தி, வாரம் ஒருமுறை படமெடுத்து வந்தேன். முன்பெல்லாம் கட்டியின் வளர்ச்சியை அறிய ஒவ்வொரு வாரமும் சில விலங்குகளைக் கொன்று திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறையில் அதே சுண்டெலியையே முதல் நாளிலிருந்து இறுதிவரை பின்தொடரலாம், அதனால் மிகக் குறைவான விலங்குகளே போதும். அந்த நொதி வினைபுரிந்து ஒளி தருவதற்கான லூசிஃபெரின் என்ற பொருளைச் செலுத்தி, மயக்கத்தில் இருக்கும் சுண்டெலியை இருட்டுப் பெட்டிக்குள் கிடத்தி, சுழியத்துக்குக் கீழே 90 பாகைவரை குளிர்விக்கப்பட்ட, மிக மங்கலான ஒளியையும் பதியும் சிசிடி கேமராவின் முன் காத்திருந்து, விலா எலும்புக்குச் சற்றுக் கீழே அந்தச் சிறு நிறப்புள்ளி திரையில் தோன்றுவதை முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நாங்கள் சோதித்த மருந்து, கட்டிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் உருவாவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. மூன்றாம் வாரத்தில், மருந்து பெற்ற குழுவின் ஒளி, பெறாத குழுவின் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. குழுவில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஐந்தாம் வாரம் வயிற்றைத் திறந்தபோது, இரு குழுக்களின் கட்டிகளையும் அளவுகோலால் அளந்து பார்த்து நான் சற்று நேரம் பேசவே இல்லை; வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தது. கட்டியைக் குறுக்கே வெட்டியபோது நடுப்பகுதி வெளிறி, குழைந்து, இறந்த திசுவாகக் கிடந்தது. உயிருள்ள செல்கள் விளிம்பில்தான் இருந்தன.

லூசிஃபெரேஸ் ஒளி தருவதற்கு லூசிஃபெரின், ஆக்சிஜன், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, மக்னீசியம் ஆகிய நான்கும் வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் லூசிஃபெரினும் ஆக்சிஜனும் இரத்தத்தின் வழியாகத்தான் கட்டியை அடைகின்றன என்பதையும், நான் கொடுத்த மருந்து அந்தப் பாதையையே அடைக்கிறது என்பதையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. ஒளி குறைந்ததில் செல்கள் இறந்த பங்கு எவ்வளவு, லூசிஃபெரின் போய்ச் சேராத பங்கு எவ்வளவு என்பதை அந்தப் படங்களை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

படமெடுப்புப் பிரிவில் பணிபுரிபவர்

உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு இரண்டு சுண்டெலிகள் நினைவுக்கு வந்தன. முந்தைய வாரம் பிரகாசமாக இருந்த இரண்டும் ஒருநாள் முற்றிலும் இருண்டு கிடந்தன. ஆய்வாளர் அவற்றை 'குணமடைந்தவை' என்று குறித்துக்கொண்டார். மறுநாள் நானே ஊசி போட்டுப் பார்த்தேன். இரண்டும் பழையபடி ஒளிர்ந்தன. முதல் நாள் ஊசி வயிற்றறைக்குப் பதிலாகக் குடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதன்பின், சுண்டெலியின் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, கீழ் வயிற்றின் வலப்பக்கத்தில் ஊசியை ஏற்றி, லூசிஃபெரினைத் தள்ளுவதற்கு முன் ஒருமுறை பின்னிழுத்துப் பார்க்கும்படி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

வழக்கமான அளவு, ஒரு கிலோகிராம் எடைக்கு 150 மில்லிகிராம் டி-லூசிஃபெரின். மில்லிலிட்டருக்கு 15 மில்லிகிராம் உள்ள கரைசல் என்றால், 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு 200 மைக்ரோலிட்டர். பெரும்பாலோர் பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுத்து, ஒளி ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும்வரை பின்தொடர வேண்டும். உங்கள் மருந்து இரத்த ஓட்டத்தைக் குறைத்திருந்தால் உச்சம் தாமதமாக வந்திருக்கும். ஒரே நிமிடத்தில் இரு குழுக்களையும் ஒப்பிட்டதால் வேறுபாடு பெரிதாகத் தெரிந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் ஒவ்வொரு படத்திற்கும் நிற அளவுகோலைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். முதல் வாரத்துச் சிவப்பும் நான்காம் வாரத்துச் சிவப்பும் ஒன்றல்ல. அளவுகோலை நிலையாகப் பூட்டிவிட்டு, ஒரு நொடிக்கு எத்தனை ஃபோட்டான் என்ற எண்ணை வைத்துப் பேசுங்கள்.

நோயெதிர்ப்பு ஆய்வாளர்

நான் கருப்புச் சுண்டெலிகளில், அதாவது சி57பிஎல்/6 வகையில், ஹெப்பா1-6 என்னும் சுண்டெலிக் கல்லீரல் புற்றுச் செல்களோடு வேலை செய்தேன். என் சிக்கல் வேறு விதமானது. 37 பாகை வெப்பத்தில் மின்மினி லூசிஃபெரேஸின் ஒளி 610 நானோமீட்டரை ஒட்டிச் செம்மையாக மாறுகிறது, அதனால்தான் அது திசுவை ஓரளவு ஊடுருவி வெளியே வருகிறது. 600 நானோமீட்டருக்குக் குறைவான ஒளியை ஹீமோகுளோபின் பெரிதும் உறிஞ்சிவிடுகிறது, கல்லீரலோ இரத்தம் நிரம்பிய உறுப்பு. மீறி வரும் ஒளியையும் கருப்பு முடி தடுக்கும் என்பதால் வயிற்றுப் பக்கத்தை மழித்தோம். மழித்த இடத்தில் முடி மீண்டும் முளைக்கத் தொடங்கும்போது தோல் திட்டுத்திட்டாகக் கருத்துவிடும் என்பதை இரண்டாம் வாரத்தில்தான் கண்டோம்.

அதைவிடப் பெரிய பாடம் மூன்றாம் வாரத்தில் வந்தது. சிகிச்சை எதுவும் பெறாத சுண்டெலிகள் சிலவற்றிலும் ஒளி மறைந்துபோனது. லூசிஃபெரேஸ் இல்லாத அதே செல்களைச் செலுத்திய சுண்டெலிகளிலோ கட்டி தடையின்றி வளர்ந்திருந்தது. சுண்டெலியின் உடலுக்கு லூசிஃபெரேஸ் ஓர் அந்நியப் புரதம். நோயெதிர்ப்புத் திறன் முழுமையாக உள்ள விலங்கு அதை அடையாளம் கண்டு தாக்கக்கூடும். அந்தத் தாக்குதலில் தப்பி, லூசிஃபெரேஸை உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்ட செல்கள் மட்டும் வளர்ந்து, இருண்ட கட்டியாக நின்றதையும் ஒரு சுண்டெலியில் பார்த்தேன். அன்றுமுதல், ஒளிராத செல்களைச் செலுத்திய ஒரு குழுவை வைக்காமல் நான் எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை.

நீங்கள் பயன்படுத்திய ஹெப்ஜி2 பற்றியும் ஒரு சொல்: அது ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்னும் குழந்தைப் பருவக் கல்லீரல் கட்டியிலிருந்து வந்தது. முதியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுக்கு அதை நேர் மாதிரியாக எழுதிவிடாதீர்கள்.

விலங்குப் பராமரிப்புக் கால்நடை மருத்துவர்

சுருக்கமாகவே எழுதுகிறேன். நியூட் சுண்டெலிக்கு முடி இல்லை, மயக்கத்தில் அதன் உடல் வெகு விரைவில் குளிர்ந்துவிடும். மேலே சொன்னபடி அரை மணி நேரம் தொடர்ந்து படமெடுப்பதானால், படமேடை சூடாக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒளி குறைந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து விலங்கு நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். எடை குறைகிறதா, முதுகு கூனுகிறதா, வயிறு உப்புகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ஒருமுறை திரையில் மங்கலாகத் தெரிந்த சுண்டெலிக்கு வயிற்றில் இரத்தம் கலந்த நீர் சேர்ந்திருந்தது.

ஒளிரும் புரதங்களோடு பணிபுரிபவர்

நாங்கள் லூசிஃபெரேஸை விட்டு, தம்மீது விழும் ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும் ஃப்ளோரசன்ஸ் புரதங்களைப் பயன்படுத்துகிறோம். 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தின் வழிவந்தவற்றோடு, சிவப்பில் ஒளிர்பவையும் எங்களிடம் உண்டு. இவற்றுக்கு லூசிஃபெரின் தேவையில்லை. ஊசியால் வரும் குழப்பமும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்ச வேண்டியிருப்பதால் உடலும் சேர்ந்து ஒளிரும். கல்லீரலுக்கு அருகே தெரிந்த ஒரு பிரகாசமான திட்டைப் பரவிய கட்டி என்று எண்ணிப் பல நாட்கள் துரத்தினோம். அது குடலில் இருந்த தீவனம். அதில் கலந்திருந்த குதிரைமசாலின் பச்சையம் சிவப்பில் ஒளிர்ந்திருக்கிறது. குதிரைமசால் இல்லாத தீவனத்துக்கு மாற்றியதும் அந்தத் திட்டு மறைந்தது.

முனைவர் பட்ட மாணவி, கல்லீரல் புற்றுநோய் ஆய்வு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படமெடுப்புப் பிரிவு நண்பர் சொன்னபடி, எஞ்சியிருந்த நான்கு சுண்டெலிகளை மேடை வெப்பத்தைச் சரிபார்த்துக்கொண்டே முப்பது நிமிடம் பின்தொடர்ந்தேன். மருந்து பெறாத இரண்டும் பன்னிரண்டாம் நிமிடத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டன. மருந்து பெற்றவற்றில் ஒன்று இருபத்துமூன்றாம் நிமிடத்தில் தொட்டது, மற்றொன்று முப்பதாம் நிமிடத்திலும் ஏறிக்கொண்டே இருந்தது. முப்பது நிமிடத்துக்குள் ஒவ்வொன்றும் எட்டிய மிக உயர்ந்த அளவுகளை ஒப்பிட்டால், பத்தில் ஒரு பங்கு என்று நாங்கள் கொண்டாடிய ஒளி, மருந்து பெறாதவற்றின் ஒளியில் பாதிக்கும் சற்றுக் குறைவு என்ற அளவில் நிற்கிறது. நான்கே விலங்குகள் என்பதால் இதையும் நான் முடிவாகச் சொல்லவில்லை.

பாரஃபினில் பதித்து வைத்திருந்த கட்டிகளை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, இறந்த பரப்பு எவ்வளவு, உயிருள்ள பரப்பு எவ்வளவு என்று இப்போது அளந்து வருகிறேன். அடுத்த தொகுதியில் ஒவ்வொரு வாரமும் ஒளிப்படத்தோடு அல்ட்ராசவுண்டு அளவையும் எடுக்க ஒப்புதல் கேட்டிருக்கிறேன். மூன்றாம் வாரத்துப் பழைய வரைபடத்தை அறிக்கையிலிருந்து நீக்கிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் நீக்கவில்லை, நிமிடவாரி வளைவுகளை அதற்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.