ஈரலில் 4 செ.மீ. கட்டி, அடினோமா என்கிறார்கள். பிற்பாடு புற்றுநோயாக மாறுமா?

மல்லிகைப்பந்தல்:
வயது 34. பித்தப்பையில் கல்லோ என்று ஸ்கேன் எடுக்கப் போனேன், கல் இல்லை, ஈரலில் 4.1 செ.மீ. கட்டி என்றார்கள். அப்புறம் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் அடினோமா என்று வந்திருக்கிறது. பிசிஓடிக்காக 7 வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். "சாதாக் கட்டிதான், மாத்திரையை நிறுத்திவிட்டு 6 மாதம் கழித்து வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். சாதாக் கட்டிக்கு எதற்கு மறுபடி எம்.ஆர்.ஐ.? ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன், ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனாலும் கை அங்கேயே போகிறது.

கோவைக்காரி:
பயப்படாதீர்கள் தோழி. எனக்கு 6 செ.மீ., ஹீமாஞ்சியோமா, 9 வருடமாக அப்படியே கிடக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

ஸ்கேன் அறை:
கோவைக்காரி, உங்களுடையது வேறு, இவருடையது வேறு. ஹீமாஞ்சியோமா வெறும் ரத்தக்குழாய்ச் சுருள், புற்றுநோயாக மாறாது. எஃப்.என்.ஹெச். என்று ஈரலில் வரும் இன்னொரு சாதாக் கட்டி, அதுவும் மாறாது. அடினோமா மட்டும்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது, அது வந்தவர்களில் நூற்றுக்கு 4, 5 பேருக்கு மாறலாம் என்கிறார்கள், ஆனால் அந்த ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. 5 செ.மீ.க்கு மேல் போனவை, ஆண்களுக்கு வருபவை, பீட்டா கேட்டனின் மரபணு மாற்றம் உள்ளவை, இவற்றில்தான் அதிகம். 5 செ.மீ.க்குக் கீழே கட்டி உள்ள பெண்ணுக்கு மிக அரிது. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன்தான் இதற்குத் தீனி, நிறுத்தினால் பலருக்குச் சுருங்குகிறது, அது சுருங்குகிறதா என்று பார்க்கத்தான் அந்த 6 மாதம். எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள், ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்தால் கணக்கே வேறு. திடீரென்று மேல்வயிற்றில் தாங்க முடியாத வலியோ மயக்கமோ வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், கட்டிக்குள் ரத்தம் கசியலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வைகைக்கரை:
என் தம்பிக்கு 27 வயது, ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தான். 3.5 செ.மீ. அடினோமா. முதலில் பார்த்த இடத்தில் சாதாக் கட்டி, பயமில்லை என்று மட்டும் சொன்னதால் ஊசியை அவன் நிறுத்தவே இல்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை அந்தக் கோபம். அடுத்து பார்த்த ஈரல் சர்ஜன்தான், ஆண்களுக்கு அளவு பார்ப்பதில்லை, எடுத்துவிடுவோம் என்றார். எடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறான்.

மல்லிகைப்பந்தல்:
இரண்டாவது குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருந்தோம். அதை மறந்துவிட வேண்டியதுதானா?

ஸ்கேன் அறை:
வேண்டாம் சகோதரி. 5 செ.மீ.க்குக் கீழே என்றால் கர்ப்பத்துக்குத் தடை இல்லை, சில வாரங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டில் வளர்கிறதா என்று பார்ப்பார்கள். முதலில் இந்த 6 மாத எம்.ஆர்.ஐ. முடியட்டும். அதுவரை காப்பர் டி மாதிரி ஹார்மோன் இல்லாத வழி எது ஒத்துவரும் என்று மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள், இந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

மல்லிகைப்பந்தல்:
சரி. செவ்வாய்க்கிழமை போகிறேன். பீரோவில் இருந்த இரண்டு மாத்திரை அட்டையையும் இப்போதுதான் எடுத்து வெளியே வைத்தேன்.