இலவங்கொட்டை எண்ணெய்: ஹால்ஃபன்ல செவக்குது, ஜிசில ஒண்ணையும் காணோம்

கடலூர்_கெமிஸ்ட்: அவசரம். ப்ராஜெக்ட்டுக்கு இலவங்கொட்டை எண்ணெய். ஹால்ஃபன் டெஸ்ட்ல (கந்தகம், கார்பன் டைசல்ஃபைடு சேத்து சூடு பண்ணி நிறம் பாக்கறது) நல்லா செவப்பா வருது, அப்ப மூணு கார்பன் வளையம் இருக்கற ஸ்டெர்குலிக், மால்வாலிக் ஆசிட் இருக்கணும். ஆனா ஜிசில (கேஸ் குரோமட்டோகிராஃபி, ஃபேட்டி ஆசிட்ட பிரிச்சு பீக்கா காட்டற மெஷின்) போட்டா அது ரெண்டுமே இல்ல, சாதாரண பால்மிட்டிக் ஒலியிக் லினோலியிக் மட்டும்தான், கடைசில பேர் தெரியாத குட்டி குட்டி பீக் வேற. கூட்டுனா 100% வந்துடுது. திங்கக்கிழமை கைடு கேப்பாரு, என்ன சொல்றது??

முத்தியால்பேட்டை: ஜிசில என்ன காலம் (column)? ஜிசில ஓட்டறதுக்கு எண்ணெய எஸ்டரா எப்படி மாத்துனீங்க? கொட்டை புதுசா பழசா? எதுவும் சொல்லாம கேட்டா ஜோசியமா பாக்கறது?

செக்கடி_சேகர்: காலம் போயிருக்கும். முன்பக்கம் கொஞ்சம் வெட்டிட்டு போட்டுப் பாருங்க.

கடலூர்_கெமிஸ்ட்: எஸ்டர் வழக்கமா பண்றதுதான் சார், பிஎஃப்3 (போரான் ட்ரைஃப்ளூரைடு, ஆசிட் மாதிரி) மெத்தனால்ல கொதிக்க வச்சு.

பழைய_பர்னர்: அதான பாத்தேன். வழக்கமா பண்றதாம்! தம்பி, நீங்க தேடற ஆசிட்ல மூணு கார்பன் வளையம், அதுலயே ஒரு டபுள் பாண்ட், நாண் ஏத்துன வில்லு மாதிரி விறைப்பா நிக்கும், ஆசிட் பட்டா தெறிச்சுடும், மெத்தனால் போய் ஒட்டிக்கும், அதான் உங்க குட்டி பீக். சோடியம் மெத்தாக்சைடு போடுங்க, சூடு வேணாம், ஈரம் ஆகவே ஆகாது. 100% பத்தி பெருமைப்படாதீங்க, ஏரியா பர்சன்ட் போட்டா பாதி எண்ணெய் காணாம போனாலும் 100தான் வரும். சி17 இன்டர்னல் ஸ்டாண்டர்டு (17 கார்பன் ஆசிட், அளவு தெரிஞ்சு போடறது) சேத்து, அதோட ஒப்பிட்டு அளக்கணும். இப்பல்லாம் யாரு புக்கு படிக்கறா.

முத்தியால்பேட்டை: அண்ணன் சொல்றது சரிதான், ஆனா ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் (எண்ணெய்லேர்ந்து பிரிஞ்சு தனியா நிக்கற ஆசிட்) மெத்தாக்சைடுல எஸ்டர் ஆகாது, பழைய கொட்டைன்னா அது எவ்ளோ இருக்குன்னு முதல்ல ஆசிட் வேல்யூ பாருங்க. ஜிசி இன்ஜெக்டர் சூட்டுலயும் வளையம் போகும், அதனால சில்வர் நைட்ரேட் மெத்தனால்ல வச்சு வளையத்த முன்னாடியே வேற பொருளா மாத்திட்டு அளக்கறவங்களும் உண்டு. பீக் எங்க வரும்னு தெரியணும்னா பீநாறி மரத்துக் கொட்டை எண்ணெய் ஓட்டுங்க, அதுல பாதிக்கு மேல ஸ்டெர்குலிக்தான்.

செக்கடி_சேகர்: ஹால்ஃபன் செவந்தா பருத்திக்கொட்டை கலப்படம்னுதான் அர்த்தம். கடையில வாங்குன எண்ணெயா?

பழைய_பர்னர்: இலவமும் பருத்தியும் ஒரே குடும்பம்யா, ரெண்டுமே செவக்கும்.

செக்கடி_சேகர்: அப்ப எங்க செக்கு நல்லெண்ணெய் செவக்கவே இல்லையே, சுத்தம்தான?

முத்தியால்பேட்டை: அதெப்படி சொல்ல முடியும். பருத்தி எண்ணெய நல்லா காய்ச்சிட்டாலோ ஹைட்ரஜன் ஏத்திட்டாலோ நிறமே வராது.

செக்கடி_சேகர்: பௌடுவின் டெஸ்ட்ல செவந்துச்சே!

பழைய_பர்னர்: அது எள்ளு இருக்குன்னு சொல்லும், வேற எதுவும் இல்லைன்னு சொல்லாது. அந்த ஹால்ஃபன எதுல சூடு பண்ணீங்க? கார்பன் டைசல்ஃபைடு பக்கத்துல அடுப்ப கொண்டு போயிடாதீங்க, குப்புன்னு புடிச்சுக்கும், கொதிக்கற உப்புத்தண்ணில வைங்க.

செக்கடி_சேகர்: எங்களுக்கும் தெரியும் சார்.

கடலூர்_கெமிஸ்ட்: மெத்தாக்சைடுல பண்ணேன், 18 கார்பன் பக்கத்துல ரெண்டு புது பீக், கடைசில வந்த குட்டி பீக்லாம் போயிடுச்சு. பாண்டில ஜிசிஎம்எஸ்-க்கு (பீக் என்ன பொருள்னு அடையாளம் காட்டற மெஷின்) கேட்ருக்கேன். கைடு லீவாம். தேங்க்ஸ்.

முத்தியால்பேட்டை: ஆசிட் வேல்யூ எவ்ளோ வந்துச்சுன்னு சொல்லலையே?

செக்கடி_சேகர்: அவரு போயிட்டாரு. நம்ம நல்லெண்ணெய் கதைய முடிங்க சார், வேற என்ன டெஸ்ட் பண்ணணும்?