புதுப்பிப்பு: லேசான மனச்சோர்வுக்கு மூலிகை போதுமா?

லேசான மனச்சோர்வுன்னு டாக்டர் சொன்னதும், மாத்திரை இல்லாம மூலிகையிலேயே சமாளிக்கலாமான்னு இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் அமுக்கரா (அஸ்வகந்தா) சொன்னாங்க, மீதிப் பேர் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கற மஞ்சள் பூ மூலிகை.

ரெண்டாவதுக்கு ஆதாரம் கெட்டியாவே இருக்குங்க. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசற காக்ரேன் அமைப்போட 2008 தொகுப்பில் 29 ஆய்வுகள். மருந்தே இல்லாத வெத்து மாத்திரையைவிட மேல், வழக்கமான மனச்சோர்வு மாத்திரைக்கு ஏறக்குறைய சமம். ஜெர்மன் பேசற நாடுகள்ல மட்டும் முடிவுகள் இன்னும் தூக்கலா வந்திருக்கு, ஏன்னு தெளிவில்லை. சிக்கல் வேற இடத்துல. இது கல்லீரலை முடுக்கிவிட்டு மத்த மருந்துகளைச் சீக்கிரம் வெளியே தள்ளிடும். கர்ப்பத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரின் எல்லாம் பலன் குறையும். மனச்சோர்வு மாத்திரையோட சேர்த்தா செரட்டோனின்ங்கற மூளை ரசாயனம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். "மூலிகைதானே"ன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு இப்பல்லாம் எரிச்சல்தான்.

அமுக்கராவுக்கு மன அழுத்தம், தூக்கம் இதுக்குத்தான் ஓரளவு ஆதாரம். சேலம் செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில அண்ணன் ஒரு கிழங்கை ஒடிச்சு மூக்குகிட்ட நீட்டினார், "புதுச் சரக்கு, பொடிச்சுப் பால்ல போட்டுக் குடி." தைராய்டு மாத்திரை போடறேன்னேன். பொட்டலத்தைப் பிரிச்சு டப்பாவிலேயே திரும்பக் கொட்டிட்டார். "டாக்டரைக் கேட்டுட்டு வா கண்ணு." அமுக்கரா தைராய்டு அளவை ஏத்தக்கூடும், அவர் சொன்னது சரி.

டாக்டரும் முதல்ல தைராய்டு, வைட்டமின் பி12 அளவு பார்க்கச் சொல்லி, கவுன்சலிங்குக்கும் அனுப்பியிருக்கார். ஏற்காட்டுல இருந்து அடிக்கடி இறங்க முடியாதவங்க 14416 கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம். ரிப்போர்ட் வந்ததும் எழுதறேன்.