மறு: வேப் கருவிக்குத் தமிழ்ச்சொல் – ‘ஆவி’ வேண்டாம், ‘வெப்பம்’ போதாது

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வேப் என்பது திரவத்தை மின்சாரத்தில் சூடாக்கி உள்ளிழுக்கும் மின்னணு சிகரெட். அதில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வகைக் கருவிக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பாலக்கோட்டு ஆசிரியை அம்மா தொடங்கிய இழையை முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சிறு கையேடு தயாராகிறது, அதற்குத்தான் இந்தச் சொற்கள் என்று அவர் சொல்லியிருந்தார். கிருஷ்ணகிரியில் மின்னணுவியல் கற்பிக்கும் எனக்கும் அந்தக் கையேடு அவசரமாக வேண்டும். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. பென் டிரைவ் போலவும் மார்க்கர் பேனா போலவும் இருக்கும் இந்தக் கருவிகளைப் பையனின் பையில் பார்த்தாலும், இது என்ன என்று கேட்கக்கூடப் பெற்றோருக்குச் சொல் இல்லை.

இதுவரை அதிக ஆதரவு பெற்றிருப்பது ‘வெப்பக் கட்டுப்பாட்டு ஆவிபிடி கருவி’. சொல் வாயில் எளிதாக வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் இரண்டு பாதிகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் ஆவி. நம் வீடுகளில் ஆவி பிடிப்பது என்றால் சளிக்கு மருந்து. நொச்சி இலையைக் கொதிக்கவிட்டு, போர்வையைப் போர்த்தி, பாட்டி உட்காரவைப்பார். கொரோனா காலத்தில் ஆவி பிடிக்காத வீடே இல்லை எனலாம். அந்தச் சொல்லை எடுத்து நிக்கோடின் கருவிக்குச் சூட்டினால், பதினைந்து வயதுப் பிள்ளை ‘ஆவிதானே பிடிக்கிறேன்’ என்று அம்மாவிடம் சொல்ல நாமே வழி செய்து கொடுத்ததாகும். விற்கிறவர்கள் ஆங்கிலத்தில் செய்ததும் இதுதான். நீராவியை நினைவூட்டும் ‘வேப்பர்’ என்ற சொல்லை வைத்து, இதில் ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை ஊட்டினார்கள். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ‘வேப்’ என்பதை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அதற்குள் அந்த எண்ணம் உலகம் முழுக்கப் பரவியாயிற்று. நாம் இப்போதுதான் சொல் செய்கிறோம். தெரிந்தே அதே வழியில் ஏன் போக வேண்டும்?

மருந்து நினைப்பை ஒதுக்கிவிட்டு அறிவியலாகப் பார்த்தாலும் ஆவி பொருந்தாது. உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கை ஒட்டி ஓர் அங்குலம் வெறுமையாகத் தெரியுமே, அதுதான் நீராவி. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். வேப் கருவியிலும் இதுவே நடக்கிறது. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிக்கோடின் எல்லாம் கலந்த திரவம் மின்சாரத்தில் சூடான கம்பிச் சுருளில் ஆவியாகி, காற்று பட்டதும் துளிகளாகச் சுருங்குகிறது. நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் அந்தத் துளிகள்தான்.

அதனால் என் முன்மொழிவு: துளிப்புகை. கருவி துளிப்புகைக் கருவி. வினை துளிப்புகை இழுத்தல். பீடி இழுத்தான், சிகரெட் இழுத்தான் என்பது ஊர்ப் பேச்சு, ஆகவே இழுத்தல் தானாக வந்து சேர்கிறது. ஒரு தடவை இழுப்பது ஓர் இழுப்பு. ‘வேப்பர்’ என்று கடையில் சொல்வதைத் துளிப்புகை என்றே எழுதலாம்.

ஓசூர் நண்பர் இதற்கு முன்கூட்டியே ஒரு மறுப்பு எழுதியிருந்தார்: எதுவும் எரியாத இடத்தில் புகை என்பது பொய், சிகரெட்டோடு சேர்த்துக் குழப்புவது நேர்மையா என்று. நியாயமான கேள்வி. சிகரெட்டில் புகையிலை எரிகிறது, தார் வருகிறது, கார்பன் மோனாக்சைடு வருகிறது. இங்கே எரிதல் இல்லை, அந்த வேறுபாட்டைச் சொல் மறைக்கக் கூடாது. மறைக்காமல் இருக்கத்தான் ‘துளி’ முன்னால் நிற்கிறது. மேலும் தமிழில் புகை என்பது எரிந்து வருவதை மட்டும் குறிப்பதில்லை. உறைபனிக் கட்டியிலிருந்து கிளம்பும் வெண்படலத்தையும் புகை என்கிறோம், தளி பக்கம் மார்கழிக் காலையில் ஏரிமேல் மிதப்பதையும் புகை என்கிறோம். பார்வைக்குப் புகை, உள்ளே துளி. ஒரு பக்கம் மிகையும் இல்லை, மறுபக்கம் பூச்சும் இல்லை.

சட்டம் பற்றிப் பேசும் பக்கத்தில் மட்டும் செய்தித்தாள்களில் பழகிப்போன ‘மின்னணு சிகரெட்’ அப்படியே இருக்கட்டும். 2019இல் வந்த ஒன்றியச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்துவைத்தல் எல்லாவற்றையும் தடை செய்கிறது. விற்றால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையேட்டில் இது பெரிய எழுத்தில் வர வேண்டும்.

இனி இரண்டாம் பாதி, வெப்பக் கட்டுப்பாடு. இங்கேதான் நான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கருவியின் நுட்பமே இந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. வெப்பம் என்பது உள்ளே போகும் ஆற்றல். வெப்பநிலை என்பது பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதன் அளவு. பேச்சில் இரண்டையும் ‘சூடு’ என்று முடித்துவிடுவோம். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. நம் மாவட்டத்து மாம்பழக்கூழ் ஆலைகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்டீமைக் கூட்டு’ என்பது ஒரு கட்டளை, ‘டெம்பரேச்சர் தொண்ணூறைத் தாண்டிச்சா பாரு’ என்பது இன்னொரு கட்டளை. முதலாவது வெப்பம், இரண்டாவது வெப்பநிலை. குளிர்ந்த கூழ் நிறைய வந்தால், நீராவியை எவ்வளவு திறந்தாலும் டிகிரி ஏறாது. கூழ் குறைந்தால் அதே நீராவியில் அடிப்பிடித்துவிடும்.

சாதாரணத் துளிப்புகைக் கருவி ‘ஸ்டீமைக் கூட்டு’ வகை. 40 வாட் என்று வைத்தால் நொடிக்கு 40 ஜூல் வெப்பம் சுருளுக்குள் போகும். சுருளுக்குத் திரவத்தை ஊட்டும் பஞ்சுத்திரி ஈரமாக இருக்கிறதா, காற்று எவ்வளவு ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. திரி காய்ந்துவிட்டால் அதே 40 வாட்டில் பஞ்சு கருகும், கிளிசரின் சிதைந்து அக்ரோலீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும், தொண்டை எரியும். ஆனாலும் இது கட்டுப்பாடே இல்லாத கருவி என்று யாரும் சொல்ல முடியாது. வாட்டைக் கட்டுப்படுத்துகிறது, அதாவது வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. அப்படியென்றால் ‘வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி’ என்ற பெயர் சரியாக எதிர்வகைக்கே போய்ச் சேர்கிறது! அதனால் வாட்டை, அதாவது திறனை, மட்டும் வைக்கும் சாதாரண வகைக்குத் திறன் முறை என்றும், நாம் பேசும் வகைக்கு வெப்பநிலை என்ற முழுச் சொல்லோடும் பெயர் வைக்க வேண்டும். ஓர் அசையை மிச்சம் பிடிக்கப்போய்ப் பொருளைத் தொலைக்கக் கூடாது.

அப்புறம் ‘கட்டுப்பாடு’. அது தவறில்லை, ஆனால் நடப்பதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். இந்தக் கருவி வெப்பநிலையை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவதைவிட, வைத்த அளவுக்கு மேல் ஏறவிடாமல் தடுக்கிறது. 220 டிகிரி என்று வைத்தால், அதை நெருங்கும்வரை முழுத் திறனில் ஓடும், எட்டியதும் மின்சாரத்தைக் குறைக்கும். அதனால் வெப்பநிலை வரம்பு முறை என்கிறேன். முழுப்பெயர் ‘வெப்பநிலை வரம்புத் துளிப்புகைக் கருவி’. நீளம்தான், ஆனால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்து ‘வரம்புக் கருவி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். வேண்டாம், பழகிய ‘வெப்பநிலைக் கட்டுப்பாடு’ போதும் என்று பெரும்பாலோர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ‘வெப்பக் கட்டுப்பாடு’க்கு மட்டும் ஒப்ப முடியாது.

சுருளுக்குள் வெப்பமானி எதுவும் இல்லையே, எப்படி டிகிரி தெரிகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கம்பியே வெப்பமானி. உலோகம் சூடானால் மின்தடை ஏறும். ஒரு டிகிரிக்கு எந்த விகிதத்தில் ஏறும் என்ற எண் ஒவ்வொரு உலோகத்துக்கும் உண்டு. நிக்கலுக்கு ஏறத்தாழ 0.006, டைட்டானியத்துக்கு 0.0035, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுக்கு 0.0009. அறையின் வெப்பநிலை 20 டிகிரி, நிக்கல் சுருளின் தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 220 டிகிரியில் அது 0.33 ஓம் ஆகிவிடும். கருவியில் உள்ள சில்லு நொடிக்குப் பலமுறை தடையை அளந்து, 0.33ஐத் தொட்டதும் கையைக் கட்டிவிடுகிறது. எஃகில் இவ்வளவு வசதி இல்லை. 0.5 ஓம் சுருள் அதே 220 டிகிரியில் 0.59தான். அங்கே அளவீட்டில் 0.02 ஓம் பிசகினால் 40 டிகிரிக்கு மேல் தவறிவிடும்.

ஒரு டிகிரிக்குத் தடை ஏறும் விகிதத்தைச் சொல்லும் எண்ணுக்குத்தான் வெப்பநிலைத் தடைக்கெழு என்று முன்மொழிகிறேன். கெழு நம் பிள்ளைகளுக்கு இயற்கணிதத்தில் தெரிந்த சொல். இலங்கை நண்பர்கள் குணகம் என்பார்கள், அவர்களுக்கு வெப்பநிலைத் தடைக்குணகம் என்று எழுதினாலும் புரியும்.

இன்னொன்று. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த சூடேற்றிக் கம்பியின் தடை சூட்டில் அநேகமாக மாறவே மாறாது. அதனால் அது வரம்பு முறைக்கு உதவாது, திறன் முறைக்கு மட்டும்தான். இந்தக் கம்பியின் வணிகப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘காந்தல்’ என்று வரும். சோறு காந்தல் ஆகிவிட்டது என்கிற நம் சொல்லோடு கலந்துவிடும், திரி கருகும் பேச்சு வரும் அதே பக்கத்தில் நிச்சயம் குழப்பும். ‘இரும்புக் கலவைக் கம்பி’ என்று எழுதிவிடலாம்.

சுருள் சூடேறாதபோது அதற்கு இருக்கும் தடை ‘கோல்டு ரெசிஸ்டன்ஸ்’, அதை வைத்துத்தான் கருவி டிகிரியைக் கணக்கிடுகிறது. இழையில் அதற்கு ‘குளிர்தடை’ என்று வந்திருக்கிறது. குளிரைத் தடுக்கும் கம்பளி என்றுதான் எனக்குப் படுகிறது. சூடு ஆறிய பிறகு அளப்பதால் ஆறிய தடை என்போம். ‘ஆறிய’ என்ற சொல்லில் ஒரு பயனும் உண்டு: சுருள் ஆறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே பெயர் சொல்லிவிடுகிறது. மேலே சொன்ன நிக்கல் சுருள் இன்னும் 60 டிகிரியில் இருக்கும்போதே கருவி அளந்துவிட்டது என்று வையுங்கள். தடை 0.186 ஓம் என்று காட்டும். அதையே அறைச்சூட்டின் தடையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், திரையில் 220 என்று காட்டிக்கொண்டே சுருள் 300 டிகிரியைத் தாண்டிப் போகும். கிளிசரினின் கொதிநிலையே 290 டிகிரி. ‘வெப்பநிலைக் கட்டுப்பாடு இருக்கிறது, பாதுகாப்பானது’ என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் காட்ட வேண்டும். திரையில் தெரிவது அளந்த டிகிரி இல்லை, தடையிலிருந்து ஊகித்த டிகிரி.

மற்றவை எளிது. விக் என்பதற்குத் திரி, விளக்குத்திரி செய்யும் அதே வேலைதான். காயில் சுருள். டேங்க் குப்பி. திரி காய்ந்த நிலையில் இழுத்துத் தொண்டை எரிவதற்கு வறட்டிழுப்பு. வறட்டு இருமல் ஏற்கெனவே இருப்பதால் கேட்டவுடன் புரியும். இழுப்பு என்றால் மூச்சிரைப்பு என்றும் நம் பக்கம் பொருள் உண்டே என்று யாராவது எழுதுவீர்கள். இடம் பார்த்துப் பொருள் தெரிந்துவிடும், அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

கையேட்டில் வரம்பு முறையை விளக்கும் பத்திக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஆசிரியை அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். வரம்பு முறை தடுப்பது கருகலை மட்டும்தான். நிக்கோடின் அப்படியே இருக்கிறது, அடிமைப்படுத்துவதும் அப்படியே. திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் அது பார்ப்பதில்லை. 2019இல் அமெரிக்காவில் துளிப்புகை இழுத்தவர்கள் நுரையீரல் பாதித்து மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,800க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு 68 பேர் இறந்திருந்தார்கள். முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது, கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள். எத்தனை டிகிரியில் வைத்தாலும் அந்த எண்ணெய் எண்ணெய்தான்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘பாட்’ ஒன்றுதான். திரவமும் சுருளும் சேர்ந்தே இருக்கும், தீர்ந்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகுகிறார்கள். செருகு குப்பி என்று வைத்திருக்கிறேன், மனம் நிறையவில்லை. பேனா பழுதுபார்ப்பவர்களிடமோ பிரிண்டர் மை நிரப்புபவர்களிடமோ இதற்கு ஒரு புழக்கச் சொல் இருக்கலாம். தருமபுரி, ஊத்தங்கரைப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடலாம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து